150 பேர் கம்பெனிக்கு இன்ட்ராநெட் சர்வர்: 2 ப்ராசஸர், 64 கோர் தேவையா?

புதியபொறுப்பு:
வணக்கம் நண்பர்களே. எங்கள் கம்பெனியில் 150 பேர் வேலை செய்கிறோம். ஐடி என்றால் நானும், பகுதி நேரமாக வந்து உதவும் ஒருவரும்தான். 7 வருஷமாக ஒரு சாதாரண டெஸ்க்டாப்தான் சர்வர் வேலையைப் பார்க்கிறது. பொது ஃபோல்டர்கள், விக்கி, விடுப்பு விண்ணப்பம் போடும் ஆப், அதற்குப் பின்னால் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், உள்ளுக்குள் பேசிக்கொள்ள ஒரு சாட், எல்லாம் அந்த ஒரே பெட்டியில். போன மாதம் இரண்டு தடவை தானாகவே அணைந்து எழுந்தது. அதற்குப் பிறகுதான் புது சர்வர் வாங்க நிர்வாகம் சம்மதித்தது.

சப்ளையர் கொடுத்த கொட்டேஷன் இது: 2 ப்ராசஸர், ஒவ்வொன்றிலும் 32 கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்). 64 ஜிபி ராம், 32 ஜிபி குச்சிகள் இரண்டாக. 4 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் நான்கு, 7200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 7200 சுற்று), ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தகவல் தப்பும்படி டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை). பவர் சப்ளை ஒன்று. விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்ட். இன்னும் 5 வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ரேக்_ஓரம்:
நல்லவேளை கேட்டீர்கள் தம்பி, கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இந்தக் கொட்டேஷனில் பணம் எல்லாம் தேவையில்லாத பக்கம் போயிருக்கிறது, தேவையான பக்கம் பட்டினி கிடக்கிறது.

முதலில் ஒன்று சொல்லுங்கள். இப்போது ஓடும் பெட்டியில் சுமை எவ்வளவு என்று அளந்தீர்களா? ஒரு வாரம் முழுக்க எடுங்கள், திங்கட்கிழமை காலை எல்லோரும் ஒரே நேரத்தில் லாகின் செய்யும் அரை மணி நேரமும் மாதக் கடைசியும் அதில் கட்டாயம் வரட்டும். ப்ராசஸர் சதவீதம் மட்டும் பார்த்தால் போதாது. ராம் நிரம்பி ஸ்வாப்புக்கு (ராமுக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) போகிறதா, டிஸ்க்கிடம் கேட்ட தகவல் வந்துசேர எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது, இது இரண்டும்தான் முக்கியம். 150 பேர் என்றால் 150 பேரும் ஒரே நொடியில் பட்டனை அழுத்துவதில்லை. விக்கி படிப்பவர் இரண்டு நிமிடம் படித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்துக்குப் போவார். இந்த மாதிரி வேலையில் 64 கோர் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்கும்.

வெண்பலகை:
சும்மா உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை, அதற்கு லைசென்ஸும் கட்ட வேண்டும். விண்டோஸ் சர்வர் 2016 வந்ததிலிருந்து கோர் கணக்குத்தான். மெஷினில் உள்ள எல்லா கோருக்கும் வாங்க வேண்டும், எவ்வளவு குறைவாக இருந்தாலும் சர்வருக்கு 16 கோர் லைசென்ஸாவது வேண்டும். அதாவது 64 கோர் என்றால் அந்தக் குறைந்தபட்சத்தைப் போல 4 மடங்கு. ஸ்டாண்டர்டில் இரண்டு விர்ச்சுவல் மெஷினுக்குத்தான் (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினி) உரிமை, மூன்றாவது வேண்டுமென்றால் மறுபடியும் 64 கோருக்கும் இன்னொரு செட். சர்வரைப் பயன்படுத்தும் ஆட்களுக்கான லைசென்ஸ், அதாவது சிஏஎல், தனி. கொட்டேஷனில் சிஏஎல் என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பல கொட்டேஷன்களில் அதை விட்டுவிடுவார்கள், பில் வரும்போதுதான் தெரியும்.

நீங்கள் சொன்ன பட்டியலில் விண்டோஸ் கட்டாயம் வேண்டியது எது? போஸ்ட்கிரெஸ், விக்கி, சாட் மூன்றும் லினக்ஸில் நன்றாக ஓடும்.

சிறுதுளி:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சின்ன கம்பெனியில் இரண்டாவது தடவை பட்ஜெட் கேட்டால் கிடைக்காது. கொடுக்கும்போதே பெரியதாக வாங்கிப் போடுவதில் என்ன தப்பு? நாளைக்கு 300 பேர் ஆனால் என்ன செய்வார்?

ரேக்_ஓரம்:
நியாயமான கேள்விதான். ஆனால் பெரியது என்றால் எந்தப் பக்கம் பெரியது? ராமுக்கும் டிஸ்க்குக்கும் காலி இடம் உள்ள சேஸிஸ் வாங்கினால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். 300 பேர் ஆனாலும் முதலில் மூச்சு வாங்குவது டிஸ்க்தான். விடுப்பு ஆப் மாதிரியானவற்றில் ஒருவர் அனுப்பும் ஒரு கோரிக்கை பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடும், அதனால் மெதுவான 64 கோரைவிட வேகமான கிளாக் உள்ள 16 கோரில் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

அந்த ராம் வரியையும் பாருங்கள். 32 கோர் சர்வர் ப்ராசஸர் என்றால் பெரும்பாலும் 8 மெமரி சேனல் இருக்கும். இரண்டு ப்ராசஸருக்கு இரண்டே குச்சி என்றால் ஆளுக்கு ஒன்று, 8 வாசல் உள்ள கிடங்கில் 7 வாசலைப் பூட்டிவைத்தது போல. 64 கோருக்குப் பணம் வாங்கிக்கொண்டு அதற்குத் தகவல் போகும் வழியை அடைத்திருக்கிறார்கள். கொட்டேஷனைத் தயாரித்தவர் இந்த சர்வரை யோசித்துத் தயாரிக்கவில்லை.

இரவு_ஷிஃப்ட்:
ராம், கோர் எல்லாம் இருக்கட்டும். 4 டிபி டிஸ்க் நான்கில் ரெய்டு 5 என்பதைப் பார்த்ததும்தான் எழுத வந்தேன், ஏனென்றால் அதே அமைப்பில் நான் அடி வாங்கியிருக்கிறேன்.

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஒரு டிஸ்க் போனது. கையில் ஸ்பேர் இருந்தது, மாற்றினேன், ரீபில்ட் தொடங்கியது, அதாவது போன டிஸ்க்கின் தகவலை மற்றவற்றிலிருந்து புது டிஸ்க்கில் திரும்ப உருவாக்கும் வேலை. நான்கு பச்சை விளக்குகளும் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன, திரையில் சதவீதம் மணிக்கு நாலைந்து என்று ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காலை 60ஐத் தாண்டியிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு ஆரஞ்சு. சதவீதம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் வால்யூமே காணோம். ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால்தான் தாங்கும், ரீபில்ட் முடிவதற்குள் இரண்டாவது போனால் அவ்வளவுதான். பேக்கப் இருந்தது, 11 நாள் பழையது. அந்த 11 நாள் வேலையை ஆட்கள் காகிதத்தைப் பார்த்து மறுபடியும் தட்டச்சு செய்தார்கள். அவர்கள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கணக்காகவும் பாருங்கள். சாதாரண சாட்டா டிஸ்க்கின் ஸ்பெக் ஷீட்டில், 1-க்குப் பின்னால் 14 பூஜ்யம் போட்டால் எத்தனையோ அத்தனை பிட்டுக்கு ஒரு தடவைவரை படிக்க முடியாத பிழை வரலாம் என்று இருக்கும். அது 12.5 டிபி. உங்கள் அமைப்பில் ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றையும் முழுசாகப் படிக்க வேண்டும், 12 டிபி.

சிறுதுளி:
அந்த எண் உற்பத்தியாளர் சொல்லும் உச்ச வரம்பு, நிஜத்தில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. 12 டிபி படித்தால் பிழை நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்வருக்கான டிஸ்க்குகளில் அந்த எண் 15 பூஜ்யம், பத்து மடங்கு நல்லது.

இரவு_ஷிஃப்ட்:
ஒத்துக்கொள்கிறேன், நிச்சயம் என்று சொன்னால் அது மிகைதான். ஆனாலும் அந்த ரீபில்ட் நேரம் முழுக்க உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, வயதான மூன்று டிஸ்க்குகளும் இதுவரை உழைக்காத அளவுக்கு உழைப்பதும் அப்போதுதான். டிஸ்க்குகளை ஜோடி ஜோடியாக நகலெடுத்து வைக்கும் ரெய்டு 10 என்றால் போன டிஸ்க்கின் ஜோடி ஒன்றை மட்டும் படித்தால் போதும். எழுதும் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்குப் பழைய தகவலைப் படி, பழைய பாரிட்டியை (தொலைந்ததை மீட்க உதவும் கூடுதல் தகவல்) படி, புதியதை எழுது, புதிய பாரிட்டியை எழுது என்று 4 வேலை. ரெய்டு 10-இல் 2.

நீலக்கேபிள்:
டேட்டாபேஸை 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் வைப்பதே வேண்டாம் என்பேன். தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி செகண்ட், சராசரியாக அரைச் சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அதோடு ஹெட் நகரும் நேரம். எவ்வளவு முயன்றாலும் ஒரு டிஸ்க் நொடிக்கு 80, 100 சிதறிய வேலைகளுக்கு மேல் தராது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே பல ஆயிரக்கணக்கில் தரும்.

ஆனால் கடையில் கிடைக்கும் வீட்டு எஸ்எஸ்டியை வாங்கி சர்வரில் செருகிவிடாதீர்கள். நான் அப்படிச் செய்திருக்கிறேன். பெட்டியில் போட்டிருந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட டேட்டாபேஸுக்கு வரவில்லை. காரணம் புரிய இரண்டு நாள் ஆனது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கமிட்டிலும் (மாற்றத்தை நிரந்தரமாகப் பதியும் படி) இது நிஜமாகவே டிஸ்க்கில் இறங்கிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளும். சர்வர் எஸ்எஸ்டியில் மின்சாரம் போனாலும் கேஷில் (தற்காலிக நினைவகம்) இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குக் கெப்பாசிட்டர்கள் உள்ளேயே இருக்கும், அதனால் உடனே ஆமாம் என்று சொல்லிவிடும். வீட்டு எஸ்எஸ்டியில் அது பொதுவாக இருக்காது, ஒவ்வொரு முறையும் உள்ளே இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். கொட்டேஷனில் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் என்ற வார்த்தையைத் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

ஆயுளுக்குப் பயப்பட வேண்டாம். நாளுக்கு ஒரு தடவை முழு டிஸ்க்கையும் எழுதலாம், 5 வருஷம், என்று மதிப்பிட்ட 1.92 டிபி எஸ்எஸ்டி என்றால் மொத்தம் 3,500 டிபி எழுதலாம். 150 பேர் இன்ட்ராநெட் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

வெண்பலகை:
எஸ்எஸ்டி பற்றி ஒரு எச்சரிக்கை. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ சில சாஸ் (சர்வர்களில் டிஸ்க்கை இணைக்கும் ஒரு முறை) எஸ்எஸ்டி மாடல்களுக்கு அவசர ஃபர்ம்வேர் (டிரைவுக்குள் ஓடும் மென்பொருள்) வெளியிட்டது. அந்த டிரைவ்கள் மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், அதாவது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். எண்ணைப் பார்த்தாலே புரியும், 2-இன் 15-ஆம் அடுக்கு. இதில் பயங்கரம் என்னவென்றால் ஒரே நாளில் ஒரே சர்வரில் மாட்டிய டிரைவ்கள் எல்லாம் ஒரே மணி நேரத்தைத் தொடும். ரெய்டு 10 ஆனாலும் ரெய்டு 6 ஆனாலும் சேர்ந்து போய்விடும், போனால் தகவலை மீட்க வழியில்லை. அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். அதனால் எந்தக் கம்பெனி டிரைவ் என்றாலும் ஃபர்ம்வேர் அறிவிப்புகளுக்கு மெயிலைப் பதிவு செய்துவையுங்கள். முடிந்தால் ஜோடியில் ஒன்றை வேறு பேட்சிலிருந்து கேளுங்கள்.

புதியபொறுப்பு:
எல்லோருக்கும் நன்றி. ரேக்_ஓரம் அண்ணா சொன்னபடி ஒரு வாரம் அளந்தேன். எனக்கே ஆச்சரியம்.

ப்ராசஸர் வேலை நேரத்தில் சராசரி 9 சதவீதம், திங்கள் காலை 9:10க்கு உச்சம், 46. அதுவும் 7 வருஷப் பழைய 4 கோர். ராம் 16 ஜிபியும் நிரம்பி ஸ்வாப் ஓடுகிறது. டிஸ்க் காத்திருப்புத்தான் மோசம், திங்கள் காலை 200 மில்லி செகண்டைத் தாண்டிவிட்டது. ஆட்கள் ஆப் தொங்குகிறது என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. நான் இத்தனை நாள் ப்ராசஸர் போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மொத்தத் தகவல் 2.6 டிபி, மாதத்துக்கு 40 ஜிபி போலக் கூடுகிறது. பேக்கப் ஒரு வெளி டிஸ்க்குக்குத் தினமும் போகிறது. அதிலிருந்து திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் கட்டாயம் என்று எதுவும் இல்லை, கணக்குப் பிரிவின் ஒரு சின்ன சாஃப்ட்வேரைத் தவிர.

ரேக்_ஓரம்:
பார்த்தீர்களா. இந்த எண்களை ஒரு பக்கத்தில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள்.

அப்புறம் அவர்களிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: நாளைக் காலை இந்த சர்வர் எழவே இல்லை என்றால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள், எத்தனை மணி நேர வேலை தொலைந்தால் பரவாயில்லை? பதிலை வாங்கிக்கொண்டு வாருங்கள், அதை வைத்துத்தான் ஒரு மெஷினா இரண்டா என்று முடிவு செய்ய முடியும்.

இரவு_ஷிஃப்ட்:
ராம் வாங்கும்போது ஈசிசி இருக்கட்டும். 64 பிட் தகவலோடு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் தவறினால் திருத்திவிடும், இரண்டு தவறினால் கண்டுபிடித்துச் சொல்லும். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மெஷினில் திருத்தக்கூடிய மெமரி பிழை குறைந்தது ஒன்றாவது வந்தது என்று இருக்கிறது. டிடிஆர்5-இல் ஈசிசி உள்ளேயே இருக்கிறதே என்று கடையில் சொல்வார்கள். அது சிப்புக்குள் மட்டும் வேலை செய்வது, சிப்பிலிருந்து ப்ராசஸருக்குப் போகும் வழியில் தவறினால் அதற்குத் தெரியாது. தானாக அணைந்து எழுந்தது என்று சொன்னீர்களே, பழைய பெட்டியை ஒரு இரவு மெம்டெஸ்ட்டில் (ராமைச் சோதிக்கும் மென்பொருள்) விடுங்கள்.

புதியபொறுப்பு:
விட்டேன் அண்ணா. இரண்டாவது குச்சியில் பிழைகள். அதைக் கழற்றிவிட்டேன், இப்போது 8 ஜிபியில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, ஆனால் அணையவில்லை.

நிர்வாகத்தின் பதிலும் வந்தது: 4 மணி நேரம் நின்றால் சமாளிப்போம், ஒரு நாள் முழுக்க முடியாது. தொலைவது ஒரு மணி நேர வேலைக்கு மேல் போகக் கூடாது.

சிறுதுளி:
அப்படியானால் ஒரே பெரிய மெஷின் என்ற என் யோசனையை நானே வாபஸ் வாங்குகிறேன். அடுத்த வேலை நாளில் ஆள் வருவார் என்பதுதான் சாதாரண வாரண்டி. 4 மணி நேர வாரண்டி இருக்கிறது, ஆனால் அது ஆளும் பார்ட்ஸும் வந்துசேரும் நேரம்தான், வேலை முடியும் நேரமில்லை. அந்த 64 கோர் பணத்தில் சின்ன மெஷின் இரண்டு வரும். ஒன்று போனால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ளும்படி க்ளஸ்டராகப் போட்டுவிடுங்கள்.

நீலக்கேபிள்:
இரண்டு மெஷின் சரி, ஆனால் க்ளஸ்டர் என்று உடனே போக வேண்டாம். இரண்டே பேர் இருக்கும் க்ளஸ்டரில் நடுவில் கேபிள் அறுந்தால், போனது நீயா நானா என்று இரண்டுக்கும் தெரியாது. பெரும்பான்மை இல்லாமல் இரண்டும் நின்றுவிடும், தப்பாக அமைத்தால் இரண்டும் நானே தலைவன் என்று ஒரே தகவலில் எழுதிக் கெடுத்துவிடும். மூன்றாவது ஓட்டுக்கு ஒரு சின்ன மெஷின் வேண்டும், அதை ஒருவர் பராமரிக்க வேண்டும். ஐடியில் ஒன்றரை ஆள் இருக்கும் இடத்தில் எனக்கு இது பயம்.

4 மணி நேரம் தாங்கும் என்கிறார்களே, எளிய வழி போதும். ப்ராக்ஸ்மாக்ஸில் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) இசட்எஃப்எஸ் (டிஸ்க்குகளைத் தானே நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டம்) வைத்து 15 நிமிடத்துக்கு ஒரு தடவை விர்ச்சுவல் மெஷின்களை இரண்டாவது பெட்டிக்கு ரெப்ளிகேட் செய்யுங்கள், அதாவது நகலெடுங்கள். முதலாவது போனால் நீங்கள் கையால் இரண்டாவதில் எழுப்புங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அச்செடுத்து ரேக் கதவில் ஒட்டுங்கள், நீங்கள் லீவில் இருக்கும் நாளில்தான் அது போகும். இசட்எஃப்எஸ் என்றால் ரெய்டு கார்டு வேண்டாம், டிஸ்க்கை நேராகக் காட்டும் ஹெச்பிஏ கேளுங்கள்.

ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது. யாராவது ஃபோல்டரை அழித்தால், ரான்சம்வேர் பூட்டினால், 15 நிமிடத்தில் அந்த நாசமும் பத்திரமாக இரண்டாவதுக்குப் போய்ச் சேரும். பேக்கப் தனியாக, அதில் ஒரு பிரதி வேறு கட்டடத்தில், ஒரு பிரதி நெட்வொர்க்கிலிருந்து கழற்றி.

வெண்பலகை:
விட்டுப்போனவை. ஐடிராக், ஐஎல்ஓ மாதிரி ரிமோட் மேனேஜ்மென்ட்டுக்கு (சர்வரைத் தொலைவிலிருந்தே இயக்கும் வசதி) முழு லைசென்ஸ் சேர்த்துக் கேளுங்கள், அது இல்லாவிட்டால் பெரும்பாலும் திரையைத் தொலைவிலிருந்து முழுசாகப் பார்க்க முடியாது, இரவு 11 மணிக்கு ஆபீசுக்கு ஓட வேண்டும். அதைத் தனி விலானில் (நெட்வொர்க்கில் பிரித்துவைத்த பகுதி) வையுங்கள், பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள்.

நெட்வொர்க்: 1 ஜிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்பி சொச்சம்தான் போகும். எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு வேகம். சர்வரிலிருந்து ஸ்விட்சுக்கு 10 ஜிகாபிட் ஒன்று போட்டால் போதும், ஒவ்வொருவர் மேசைக்கும் வேண்டாம்.

சர்வர் எந்த அறையில்?

புதியபொறுப்பு:
அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் கண்ணாடி அறை, 4 பேர் உட்காரும் இடத்துக்கு அடுத்தது.

ரேக்_ஓரம்:
அப்படியென்றால் 1யூ சர்வர் (ரேக்கில் மாட்டும் தட்டையான வகை) வேண்டவே வேண்டாம். 44 மில்லிமீட்டர் உயரத்தில் 40 மில்லிமீட்டர் ஃபேன்கள்தான் நுழையும், அவை ஆயிரக்கணக்கான சுற்றில் சுற்றினால்தான் காற்று தள்ளும். பக்கத்தில் உட்காருபவர்களுக்குப் பகல் முழுக்க விசில் சத்தம். டவர் மாடல் பாருங்கள், பெரிய ஃபேன், அமைதி. இரண்டும் சேர்ந்து 500 வாட் எடுத்தால் மணிக்கு 1,700 பிடியூ வெப்பம் அந்த அறையில் இறங்கும், ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. ஆபீஸ் ஏசியை 6 மணிக்கு அணைத்துவிடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ்ஸில் விஏ வேறு, வாட் வேறு, வாட்டைப் பாருங்கள். ஈய பேட்டரி 3 முதல் 5 வருஷம், மாற்றும் தேதியை இப்போதே காலண்டரில் போடுங்கள்.

புதியபொறுப்பு:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன். வந்து சேர்ந்தவை: ஒரே ப்ராசஸர், 16 கோர் டவர் சர்வர் இரண்டு. முதலாவதில் 16 ஜிபி ஈசிசி குச்சி எட்டு, 128 ஜிபி, எட்டு சேனலும் நிரம்பியது. இரண்டாவதில் 64. இரண்டிலும் பவர் லாஸ் புரொடெக்‌ஷன் உள்ள 3.84 டிபி எஸ்எஸ்டி நான்கு, மிரர் ஜோடிகளாக. பவர் சப்ளை தலா இரண்டு. கணக்குப் பிரிவு சாஃப்ட்வேருக்காக ஒரே ஒரு விண்டோஸ், அது முதலாவதில், 16 கோர் லைசென்ஸ். ரெப்ளிகா எழ வேண்டி வந்தாலும் உரிமை இருக்க வேண்டும் என்று இரண்டாவதுக்கும் வாங்கினோம். பேக்கப்புக்குத் தனிப் பெட்டி, அதில் பெரிய ஹார்ட் டிஸ்க்குகள், வாரம் ஒரு பிரதி வெளியே போகிறது. எல்லாம் சேர்த்தும் முதல் கொட்டேஷனைவிடக் கொஞ்சம்தான் கூட, அதற்கும் அளந்த எண்களைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள்.

திங்கள் காலை டிஸ்க் காத்திருப்பு இப்போது 1 மில்லி செகண்டைத் தொடவில்லை.

போன சனிக்கிழமை நீலக்கேபிள் அக்கா சொன்ன வழியை ஒத்திகை பார்த்தோம். முதலாவதின் இரண்டு பவர் கேபிளையும் பிடுங்கினேன். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பகுதி நேர நண்பர் தனியாகச் செய்தார், நான் வாயைத் திறக்கவில்லை. 35 நிமிடத்தில் எல்லாம் இரண்டாவதில் எழுந்தன. தாளில் 4-ஆம் வரி அவருக்குப் புரியவில்லை, மாற்றி எழுதினோம். பிறகு பேக்கப்பிலிருந்து முழுசாக எடுத்துப் பார்த்தோம். டேட்டாபேஸ் முதலில், 20 நிமிடம். ஃபைல்கள் முழுதும் வர 7 மணி நேரம், பேக்கப் பெட்டி 1 ஜிகாபிட்டில் இருப்பதால்.

இரவு_ஷிஃப்ட்:
படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. ஒன்று மட்டும், இரண்டு பவர் சப்ளையையும் எதில் செருகியிருக்கிறீர்கள்?

புதியபொறுப்பு:
இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில்.

இரவு_ஷிஃப்ட்:
யூபிஎஸ்ஸே கெட்டுப்போனால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்றை யூபிஎஸ்ஸிலும் மற்றதை நேராகச் சுவரிலும், வேறு சர்க்யூட்டில், மாட்டுங்கள்.

புதியபொறுப்பு:
மாற்றிவிட்டேன் அண்ணா. யூபிஎஸ்ஸை அணைத்தும் பார்த்தேன், பிறகு சுவர்ப் பக்கத்தைப் பிடுங்கியும் பார்த்தேன். இரண்டு தடவையும் சர்வர் அசையவில்லை, எனக்கு மெயில் மட்டும் வந்தது.